கோப்பை மஞ்சள் சட்டைக்காரர்களுடையது

அனுப்புநர்:
செயலாளர், பெற்றோர் குழு,
நீலச் சட்டை இளையோர் பேஸ்பால் அணி.

பெறுநர்:
மண்டல விளையாட்டு அலுவலர் அவர்கள்,
மண்டல விளையாட்டு அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பதினான்கு வயதுக்குட்பட்டோர் மண்டலப் பேஸ்பால் போட்டி – இறுதி ஆட்டம் குறித்து நான் அளித்த புகார் தவறானது – ஆணையை ரத்து செய்து, மஞ்சள் சட்டை அணிக்குக் கோப்பையும் அதன் பயிற்சியாளருக்குப் பொறுப்பும் மீண்டும் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது சென்ற மாதப் புகார் மனு.
2. அதன்மேல் தாங்கள் பிறப்பித்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் காணும் மனுவை எழுதியவன் நானே. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருக்கிறேன். பகல் முழுவதும் பிறர் மனுக்களில் குறை காண்பதே என் வேலை. ஆகவே, எந்த வார்த்தை போட்டால் ஓர் அதிகாரி பேனாவை எடுப்பார் என்பது எனக்கு அத்துப்படி. அந்தத் திறமையைக் குழந்தைகள் மீது காட்டிவிட்டேன் என்று தெரிவித்துக்கொள்ள வெட்கப்படுகிறேன்.

2. மஞ்சள் சட்டை அணி அந்தப் போட்டியில் ஆடிய ஆட்டத்தைத் தாங்களும் மேடையிலிருந்து பார்த்தீர்கள். நான்காவது இன்னிங்ஸ் முடியும்போதோ அதற்குப் பிறகோ பத்து ரன் வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுவது விதி. கால் இறுதியையும் அரை இறுதியையும் அவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். மூக்குக்கண்ணாடியை நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டு பந்து எறிந்த அந்த ஒல்லிப் பெண்ணிடம் எதிரணிப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கியதும் தெரியவில்லை, திரும்பிப் போனதும் தெரியவில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் அம்மையார் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். பணி முடிந்து சீருடையோடு மைதானத்துக்கு வருவார். ஒருமுறைகூடக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

3. இறுதி ஆட்டத்தில் அவர்களுக்கு எதிரே நின்றது எங்கள் அணி. மூன்று இன்னிங்ஸில் ஒன்பதுக்குப் பூஜ்யம். நான்காவது இன்னிங்ஸில் அவர்கள் மட்டை பிடிக்க வந்தபோதுதான் நான் புகார் செய்த சம்பவம் நடந்தது. அதுவரை வலப்புறம் மட்டை சுழற்றியவர்கள் ஒருவர் பின் ஒருவராக இடம் மாறி, பழக்கமில்லாத இடப்புறமாக மட்டை பிடித்து நின்றார்கள். காற்றைத்தான் அடித்தார்கள். சிரித்துக்கொண்டே அவுட் ஆனார்கள். கடைசி இன்னிங்ஸ் வரை இதே கதை. பெற்றோர் இருக்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பிள்ளைகளை ஓர் ஆளாகவே மதிக்காமல் ஏளனம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

4. இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்க மனம் ஒப்பவில்லை. அந்தக் கடைசி இன்னிங்ஸில்தான் என் மகன் ஆடினான். அணியில் சேர்ந்த நாளிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலைக் காவல் காத்தவன் அவன். அன்று முதல் முறையாகப் பந்து அவன் மட்டையில் பட்டு இரண்டு பேருக்கு நடுவே பாய்ந்தது. அதற்கு முன்பே இரண்டாவது பேஸ் வரை ஓடி நின்ற எங்கள் பிள்ளை, மட்டை பிடிக்கும் இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தான். எங்களுக்கு அன்று கிடைத்த ஒரே ரன் அது. இருக்கை மேலேறி நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதே கட்டிய தொண்டையோடு அன்று மாலை சக பெற்றோரைக் கூட்டி, புகார் மனுவைப் படித்துக் காட்டினேன். "இளம் உள்ளங்களில் ஆறாத காயத்தை ஏற்படுத்திய இழிசெயல்" என்ற வரி முழுக்க முழுக்க என்னுடையது. மற்றவர்கள் நான் சொன்னேன் என்பதற்காகக் கையொப்பமிட்டார்கள். அவர்களைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

5. அந்த இளம் உள்ளங்களில் ஒன்றையாவது அழைத்து, என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

6. தங்கள் ஆணைப்படி ஆட்டம் ரத்தாகி, அவர்களுடைய பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டு, கோப்பை எங்கள் மன்றத்துக்கு வந்து சேர்ந்தது. கேக் வாங்கி, பலூன் கட்டி, குழந்தைகளை வரச் சொன்னோம். வந்தார்கள். கோப்பை இருந்த மேசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டால் ஆளாளுக்குச் சுவரோரம் ஒதுங்கினார்கள். கோப்பை எப்படி வந்தது என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. கடைசியில் அணித் தலைவியான தையல்காரர் மகள் என் முன்னால் வந்து நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாங்கதான் அங்கிள் அவங்ககிட்ட கேட்டோம். சீக்கிரம் முடிச்சுடாதீங்க, எங்கள்ல பாதிப் பேரு இன்னும் பேட்டே பிடிக்கலன்னு தண்ணிக் குழாய்கிட்ட வச்சுக் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் பஸ்ல வர்றோம், பெஞ்சுல உக்கார்றோம், பஸ்ல போறோம். அவங்க சரின்னாங்க. இதுக்குப் போய் கம்ப்ளெயின்ட் குடுத்துருக்கீங்களே!"

7. அவர்கள் இன்னும் ஒரு ரன் எடுத்திருந்தால் ஆட்டம் நான்காவது இன்னிங்ஸோடு முடிந்து, என் மகன் பெஞ்சிலிருந்தே பேருந்துக்குப் போயிருப்பான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஆட்டம் கடைசிவரை நடக்கத்தான் அந்தப் பிள்ளைகள் மட்டையை மாற்றிப் பிடித்தார்கள். அதை ஏளனம் என்று எழுதி, அவர்களைப் போட்டியிலிருந்தே விலக்க வைத்தேன்.

8. நேற்று ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போய் அந்தப் பயிற்சியாளரைச் சந்தித்தேன். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாங்கள் நடத்திய விசாரணையில் உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க பிள்ளைங்க எங்ககிட்ட வந்து கேட்டாங்கன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா சார்? யாருக்கும் சொல்லமாட்டோம்னு எங்க பிள்ளைங்க வாக்குக் குடுத்துருக்காங்க. நான் அதை உடைக்க முடியாது" என்றார். எங்கள் பிள்ளைகளின் மானத்தைக் காக்க ஓராண்டுத் தடையை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அழைப்பு வந்ததால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மன்னித்தாரா என்பது எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளிடம் அனுமதி பெற்ற பிறகே இந்த விவரங்களைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

9. அடுத்த கட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க நாளை கடைசி நாள். மஞ்சள் சட்டை அணியின் பெயர் நாளைக்குள் போகாவிட்டால், அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வயது வரம்பு கடந்துவிடும். மறுபடி வாய்ப்பில்லை. அவர்களுக்குப் பதிலாக எங்கள் அணியை அனுப்புவதாக ஆணையில் உள்ளது. பேருந்தில் ஏறப் போவதில்லை என்று எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். கடைசியாக அதைத் தெரிந்துகொண்டவன் நான்.

10. ஆகவே, பயிற்சியாளர் மீதான தடையை நீக்கி, மஞ்சள் சட்டை அணியின் பெயரை நாளைக்குள் அனுப்பிவைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன். புதிய ஆணையில் "புகார் திரும்பப் பெறப்பட்டது" என்று மட்டும் போட்டால் இரு தரப்பும் சமாதானமாகப் போனதுபோல் இருக்கும். "புகார் தவறு" என்றே போடுங்கள். எழுதியவன் யார் என்பதையும் சேர்த்துப் போடலாம். கோப்பையைத் துணிப்பையில் வைத்துக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

11. இந்த மனுவின் முதல் வரைவை என் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "என் மகன் மீது இரக்கப்பட்டு அந்த ஹிட்டை விட்டுக்கொடுத்தார்கள்" என்று அதில் ஒரு வரி இருந்தது. தாழ்மையாக எழுதிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேட்டைத்தான்ப்பா மாத்திப் பிடிச்சாங்க. பந்தை ஒழுங்காத்தான் போட்டாங்க. அந்தக் கண்ணாடிப் பொண்ணு யாருக்கும் சும்மா போடமாட்டா. அது நான் அடிச்சது" என்று சொல்லி, அந்த வரியை அவனே அடித்துவிட்டான். முதலில் அவர்களைத் தப்பாக நினைத்தேன். பிறகு இவனையும் தப்பாக நினைத்திருக்கிறேன்.

12. ஐயா, ஆட்டம் ரத்து என்றால் அதில் நடந்த எதுவும் நடக்கவில்லை என்றுதானே பொருள்? எனவே ஆட்டத்தை முழுவதுமாக மீண்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஒன்பதை அவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் தோல்வியை எங்களுக்குக் கொடுங்கள். என் மகன் அடித்தது அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
(ஒப்பம்)
இம்மனுவுக்கும் சென்ற மாத மனுவுக்கும் ஒரே மனுதாரர்.

நாள்: வியாழக்கிழமை.
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை.

இணைப்பு: கோப்பை – ஒன்று.