தில்லைநாயகம் அண்ணாச்சி செய்த ஆண்டெனா

வண்ணாரப்பேட்டை,
திருநெல்வேலி - 3.
14.6.1998

அன்புள்ள அத்தானுக்கு,

விஜயஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. நானும் சுப்ரஜாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் கொளுத்துகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். அந்த வெயிலில் மாடி மாடியாக ஏறி டிவி டிஷ் மாட்டுகிறீர்களே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுப்ரஜா இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்கு ஆண்டெனா செய்து தந்த தில்லைநாயகம் அண்ணாச்சி படுத்த படுக்கையாகிவிட்டார். குடலில் புற்று. போன ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தேன். டாக்டர் ஒரு மாதம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “சாருக்கு எம்மேல இன்னும் கோவந்தானா?” என்பதுதான்.

மில்லிமீட்டர் அலையில் பேசும் கைபோனுக்காக நான்கு வருஷம் கணக்குப் போட்டீர்கள். பலம் முழுக்க ஒரே திசையில் போக வேண்டும், அகலமான அலைவரிசை முழுக்க ஒன்றுபோல வேலை செய்யவும் வேண்டும் என்பீர்கள். அதற்காகவே புனல் மாதிரி விரியும் அந்தப் பித்தளை ஹார்ன் ஆண்டெனாவுக்குள் வரப்பு மாதிரி இரண்டு மேடு, நடுவில் நகம்கூட நுழையாத இடைவெளி. மூன்று மாதம் ராவி ராவி அண்ணாச்சி செய்தார். பெங்களூரில் அளந்தபோது பாதி பலம்கூட வரவில்லை. திரும்பி வந்து, மாணவர்கள் முன்னால், “கை நடுங்க ஆரம்பிச்ச பொறவு மெஷின் பக்கம் ஏன் வே வாரீரு?” என்று கேட்டீர்கள். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் அது. அன்று மெஷினை நிறுத்தியவர் அப்புறம் தொடவே இல்லை.

அத்தான், குறை அவர் கையில் இல்லை. என் கையில்.

நீங்கள் பெங்களூருக்குப் புறப்பட்டதற்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. உங்கள் புத்தகம், கால்குலேட்டர், ஹார்ன் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். ஹார்னில் இடம் தேடி, சின்ன முனையில் துளைக்குப் பக்கத்தில் வைத்தேன். சந்தனம் நீர்க்க இருந்தது. விடிந்ததும் நீங்கள் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்பினீர்கள். பித்தளையும் சந்தனமும் ஒரே நிறம், உள்ளே இறங்கியது யார் கண்ணுக்கும் படவில்லை.

நீங்கள் அதைப் பரணில் விட்டெறிந்த மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஊக்கால் நெம்பியதும் இடுக்கிலிருந்து சந்தனம் காய்ந்து பொடியாக விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருந்தீர்கள், எனக்குப் பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளியதில் நீங்கள் ஆராய்ச்சியை விட்டு, விசா வாங்கி, விமானமும் ஏறிவிட்டீர்கள்.

போன மாதம் உங்கள் டிபார்ட்மெண்ட் ஹெப்சிபா டீச்சர் பெங்களூர் போனாள். சுத்தம் செய்த ஹார்னை அளந்து வரச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டேன். அளந்து கொண்டுவந்த தாளில் உள்ள கோடு நீங்கள் கணக்குப் போட்டு வரைந்த கோட்டின் மேலேயே போகிறது. உங்கள் கணக்கும் சரி, அவர் வேலையும் சரி. இதைப் படித்தால் உங்களுக்குச் சந்தோஷம் வருமா, வயிறு எரியுமா, எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளை அண்ணாச்சியிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “என்னையத் தேத்தச் சொல்லுதிய தாயி. சார் சொன்னாத்தான் அது நெசம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வீட்டில் போன் கிடையாது. அவர் விலாசம் எழுதிய கவரை இதனுடன் வைத்திருக்கிறேன். அவர் கையில் குறையில்லை என்று உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதுங்கள், மகன் வாசித்துக் காட்டுவான். இது உங்களுக்கு வந்து சேரப் பத்து நாள், உங்கள் கடிதம் இங்கே வரப் பத்து நாள். டாக்டர் சொன்ன மாதத்தில் ஒரு வாரத்தை நான் எழுதத் துணியாமலே போக்கிவிட்டேன்.

என்னைத் திட்டி எழுத உங்களுக்கு நிறைய இருக்கும். எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், முதல் கடிதம் மட்டும் அவருக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
விஜயஸ்ரீ