கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு வயர்

என் லில்லி பிள்ளைக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதலாமென்றால், வீட்டில் நான் ஒருத்தன்தான். உன் பழைய காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தேன், சிரிக்காதே.

கட்டின பெண்டாட்டி உன்னிடமே ஒன்றை மறைத்துவிட்டேன். குவைத்தில் நர்சாக இருந்தபோது க்ரூஸ் கண்ட்ரோலில் ஓட்டிப் பழகியவள் நீ. ஊருக்கே திரும்பி வந்ததும், அது இருக்கிற வண்டியாகத் தேடி வாங்கினாய். முதல் நாள், காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் பொத்தானை அழுத்தி, காலை எடுத்தாலும் வண்டி அதே வேகத்தில் ஓடும்படி வைத்தாய். "இஞ்ச பாருங்க, காலு ரெண்டும் சும்மா இருக்கு" என்றாய்.

அப்படியொரு சந்தோஷத்தை உன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இவள் மறுபடியும் குவைத்துக்கே போய்விடுவாள் என்று பயந்துவிட்டேன். மறுநாள் நீ கோயிலுக்குப் போன நேரத்தில், வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் பார்த்து, கிளட்ச் பெடலுக்கு மேலே இருந்த க்ரூஸ் கண்ட்ரோல் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ காருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாய். ஃபியூஸ் மாற்றினாய், பிரேக் சுவிட்ச் மாற்றினாய். நான் டார்ச்சைப் பிடித்தேன், அதுவும் கிளட்ச் பக்கம் வெளிச்சம் விழாமல் பிரேக் பக்கமாகவே. "ஏன் வேலை செய்யல்ல?" என்று நீ கேட்டால், "பழைய வண்டில்லா, அப்படித்தான் இருக்கும்" என்பேன். நான் என்ன மனுசன், லில்லி? கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் கட்டில் பக்கத்தில் அத்தனை நாள் இருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் உன் மெக்கானிக் பாபுவைக் கூப்பிட்டு, அந்த வயரை மாட்டச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அக்கா இதை முதல் மாசமே கண்டுபிடிச்சாச்சு அண்ணே. மாட்டித் தாறேன்னு சொன்னேன். 'வேண்டாம் தம்பி, அப்படியே கெடக்கட்டு. அவியளுக்கு பயம்'ன்னு சொன்னாவ."

முதல் மாதமேயா? அப்படியானால் அதன் பிறகும் ஏன் தேடிக்கொண்டிருந்தாய்? நானாகச் சொல்லுவேன் என்று காத்திருந்தாயா? இல்லை, நான் டார்ச்சோடு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததே உனக்குப் போதுமாக இருந்ததா? யாரிடம் போய்க் கேட்பேன்?

நேற்று அதே சாலைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். வண்டி தானாக ஓடியது. அப்போதுதான் சத்தமாகச் சொன்னேன், "போவாத பிள்ளே" என்று. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

இனி எதையும் மறைக்க மாட்டேன். பயம் வந்தால் பயம் என்றே சொல்லுவேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

உன் வீட்டுக்காரன்,
ஜெபமணி