அளவு தெரியாத பனிமனிதர்கள்

அனுப்பர்பாளையம், திருப்பூர்
12 ஜூலை 2009, ஞாயிறு

அன்பு மகள் செலினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், நான் மட்டும் கைத்தடியோடு சேர்த்து சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அனிட்டாவும் அந்த டப்ளின் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு முழுப் பத்து மணியை உங்களுக்கென்றே சொல்லி வருகிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உன் அண்ணனும் இருக்கிறான். போன வாரம் நீ ரகசியமாக, அண்ணன் எப்படியம்மா இருக்கிறான் என்று கேட்டதற்கு நான், வெயில்தான், மழையைக் காணோம் என்று பதில் சொன்னேன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாய். எனக்குப் புத்தி நன்றாகவே இருக்கிறது. அவனை எதிரே வைத்துக்கொண்டு சொல்ல முடியாததை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். அவனும் வேல்விழியும் இரண்டாம் பூசைக்குப் போயிருக்கிறார்கள். நான் முதல் பூசை பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பிரசங்கம் நீளம், விஷயம் குறைவு.

நடந்த கதை முழுவதும் உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முன்னால் அந்த வெளிநாட்டுக் கடைக்காரன் ஆர்டரைக் கேன்சல் செய்தான் என்பது வரைக்கும் உனக்குச் சொன்னோம். கடையையே மூடிவிட்டார்களாம், பாவம், அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது. ஆனால் உன் அண்ணன் தையல் மிஷின்கள் போட்டிருக்கும் பின்கட்டு ஷெட்டில் தைத்து முடித்த குழந்தைகள் இரவு உடுப்பு மலையாகக் கிடந்தது, ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட பனிமனிதன் சிரித்துக்கொண்டிருந்தான். தைக்க வேலை இல்லாததால் டைலர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே ஊருக்குப் போனார்கள், நம்மிடம் ஆரம்பத்திலிருந்து இருந்த இசக்கிமுத்துவும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினான். போகும்போது ஷெட்டைப் பெருக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு உன் அண்ணன் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கோபம் இல்லை, அழுகை இல்லை, எதைச் சொன்னாலும் ஒரே பதில், சரிம்மா. சாப்பிட வா என்றால் சரிம்மா, சாப்பிட்டது போதுமா என்றால் சரிம்மா. ஒருநாள் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் காப்பி கொடுத்துப் பார்த்தேன். சின்ன வயதில் சர்க்கரை ஒரு சிட்டிகை குறைந்தாலே டம்ளரைத் தள்ளிவிடுகிறவன், மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. தொழில் நொடித்தவர்களைப் பற்றி இந்த ஊரில் அந்த மாதங்களில் காதில் விழுந்த செய்திகளை நான் எழுத மாட்டேன், நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். அவன் ஷெட்டுக்குப் போனால் வேல்விழி துணி உலர்த்தும் சாக்கில் பின்னாலேயே போவாள், சில நாள் உலர்ந்த துணியையே மறுபடி எடுத்துக்கொண்டு போவாள். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, ஆனால் யார் எப்போது வீட்டில் இருப்பது என்பது தானாகவே முறை வைத்தது போல நடந்தது. பதினோரு வருடம் ஒரே சமையலறையில் நின்றும் எனக்குத் தெரியாத மருமகளை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பொங்கலூர்ப் பெண்ணை அவன் கட்டிக்கொண்டு வந்தபோது நான் எப்படி முகத்தை வைத்துக்கொண்டேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கரண்ட் கட்டானால் அவள் சீரியல் பார்க்க முடியாது, நான் படிக்க முடியாது, வேறு வழியில்லாமல் நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். அவள் எனக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கக் கற்றுத் தந்தாள், நான் அவளுக்கு நம் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி வைக்கக் கற்றுத் தந்தேன், அவள் வைக்கும் சொதி இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் நான் கோயில் படியில் வழுக்கி விழுந்ததும் உனக்குத் தெரியும். காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரை எல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன், அதனால் என்னிடம் ஏதாவது வேலை கொடுப்பது எல்லோருக்கும் நல்லது என்று வேல்விழி முடிவு செய்திருப்பாள் போலிருக்கிறது. அப்போது காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் அந்தப் பனிமனிதர் உடுப்புகளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் கழுத்தில் வெளிநாட்டுக் கடையின் பெயர் போட்ட லேபிள் இருந்தால் விற்கக் கூடாது, பிரித்தெடுத்துத் தர வேண்டும். தையல் பிரிப்பது என்றால் உன் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் பிரித்த இடம் தெரிந்தால் மதர் செராபினா மறுபடி முழுவதையும் தைக்க வைப்பார். வேல்விழி மூட்டையை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் பொங்கலூர் போய்விட்டாள். லேபிளை எடுத்துருங்கம்மா என்று உன் அண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். நான் எடுத்தேன். கடைப்பெயர் போட்டதை எடுத்தேன், அதன் கீழே வயது போட்ட சின்னத் துண்டு இருந்தது, அதையும் எடுத்தேன், பக்கவாட்டுத் தையலில் துவைக்கும் விதம் எழுதிய இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தேன். பாதி வேலை செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு உடுப்பிலும் ஊசிமுனை அளவு ஓட்டை கிடையாது. பிறகு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சட்டைகளை எல்லாம் ஒரு அடுக்காகவும் கால்சட்டைகளை எல்லாம் இன்னொரு அடுக்காகவும் மடித்து வைத்தேன்.

ஜமால் பாய் வந்தார். ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தார். ஏனுங்கம்மா, வயசுச் சீட்டு எங்கீங்க என்றார். எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்தாகிவிட்டது, ஓட்டை இருந்தால் காட்டுங்கள் என்றேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓட்டை இல்லீங்கம்மா, அதுதானுங்க கஷ்டம், எங்க இருந்துச்சுன்னே தெரியலீங்க, இதுல ரெண்டு வயசு எது ஏழு வயசு எதுன்னு நான் எப்படீங்க விக்கறது என்றார். அளந்து பாருங்கள், அளவு துணியில்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். அதில் தப்பு என்ன என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து உன் அண்ணன் எழுந்து வந்தான். அடுக்கைப் பார்த்தான். பிறகு போட்டானே ஒரு சத்தம். கோபம் வந்தால் அவனுக்கு நம் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும், உனக்குத் தெரியுமே. என்னத்தம்மா செஞ்சு வச்சிருக்கிய, வயசு எழுதுன துண்டப் போயி யாராவது பிரிப்பாவளா, மேல எது கீழ எதுன்னு ஜோடி கூடத் தெரியலயே, ஒங்களுக்கு ஒரு வேலயப் பாதியில நிறுத்தவே தெரியாதா என்று கத்தினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜமால் பாய் நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து, அண்ணே, பெரியவங்கள விடுங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுச் சத்தம் போடுங்க, தொண்டை கட்டிக்கும் என்றார். அடுத்த வீட்டுப் பாத்திரப் பட்டறையில் தட்டுகிற சத்தம் நின்றது. அந்த வீட்டுப் பெரியாத்தாள் மதில் மேல் தலையை நீட்டி, ஆருங்கம்மா சத்தம் போடறது என்று கேட்டாள். என் மகன் என்று சொன்னேன். ஸ்கூலில் அவன் பரிசு வாங்கியபோதுகூட நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை. அவனும் விடவில்லை, நானும் விடவில்லை, எந்த லேபிள் என்று நீ ஏன் தெளிவாகச் சொல்லவில்லை என்று நானும் திருப்பிக் கேட்டேன். செலின், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு நல்ல சண்டை நடந்தது.

கத்தி முடித்ததும் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அடுத்தடுத்த வயது உடுப்புகளுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான், அளந்து மாளவில்லை, கடைசியில் பெரியாத்தாள்தான் வயது தெரிந்த பிள்ளைகளாகக் கூட்டி வந்து நிறுத்தினாள். பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்து அடுக்குவது என்று ஏற்பாடு. அது என்ன பாடு என்கிறாய். நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு ஏழு வயது சட்டைதான் நுழைந்தது, எம்பையன் குண்டெல்லாம் இல்லீங்க, உங்க துணி சுருங்கிப் போச்சுங்க என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தாள். பெரியாத்தாள் பனிமனிதனை உற்றுப் பார்த்து, இதென்னுங்கம்மா, மாவுருண்டைக்குக் கேரட்டுல மூக்கு வெச்சிருக்குது என்று கேட்டாள். ஒரு சின்னப் பெண் முழங்கால் வரை தொங்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்று உன் அண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, அவன் சிரித்துவிட்டான். போட்டுக்கோ கண்ணு என்று கொடுத்துவிட்டான். அதைப் பார்த்து மற்றதுகளும் கழற்ற மறுத்தன. அண்ணே, கடைக்கும் ஏதாச்சும் மிச்சம் வையுங்க என்றார் ஜமால் பாய். ஈஸ்டர் அன்று வேகிற வெயிலில் நம் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் கிறிஸ்துமஸ் பனிமனிதனோடு கோயிலுக்கு வந்தார்கள், இந்துப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க அதே உடுப்பில் வந்து வாசலில் நின்றன, உயிர்த்த ஆண்டவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சாமியார் வாக்கியத்தைத் தொலைத்துவிட்டார்.

மிஷின்களை விற்பதாக அவன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஈஸ்டர் முடிந்து வாங்குகிற ஆள் வண்டியோடு வந்தார். நான் உள்ளே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். இல்லீங்க, இப்போ குடுக்கறதா இல்லீங்க என்று உன் அண்ணன் சொன்னது கேட்டது. அவன் வாயிலிருந்து சரி என்பதைத் தவிர வேறு ஒன்று வந்ததற்கு நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜமால் பாய் அதே உடுப்பைப் பனிமனிதன் இல்லாமல், மெல்லிய துணியில், நம் ஊர் வெயிலுக்குத் தைத்துத் தரச் சொல்லியிருந்தார். பெரிய ஆர்டர் இல்லை, பாதி மிஷின்தான் ஓடுகிறது, கரண்ட் இருக்கும்போதுதான் ஓடுகிறது, ஆனாலும் ஓடுகிறது. இசக்கிமுத்து திரும்பி வந்துவிட்டான். முடிந்த உடுப்பைப் பிசிறு வெட்டிப் பார்த்து அனுப்பும் வேலை, செக்கிங், இப்போது என்னுடையது. அம்மா கண்ணாடியக் கொஞ்ச நேரம் கழட்டி வையிங்களேன், தொழில் நடக்கட்டும் என்று இசக்கிமுத்து கெஞ்சுகிறான். கோணல் தையலுக்குக் கண்ணாடி வேண்டாம், தடவினாலே தெரிகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன். ஆகவே டிக்கெட் போடுகிறேன், என்னோடு வந்து இருந்துவிடு என்று நீ எழுதியதற்கு என் பதில், இப்போது முடியாது. உன் அன்பு தெரியாமல் சொல்லவில்லை. எனக்கு வேலை இருக்கிறது.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். போன வாரம் இரண்டு நாள் துணி வரவில்லை, கரண்டும் இல்லை, அவன் இருட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்துகொண்டான், கூப்பிட்டதற்கு மறுபடி அந்தச் சரிம்மா வந்தது. வேல்விழி உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் எழுந்துவிட்டான் என்றாலும் நான் இன்னும் கவனமாகத்தான் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ நர்ஸ், உன் வேலையில் நீ கெட்டிக்காரி, ஆனால் அவனிடம் போனில் பேசும்போது உன் வார்டில் படுத்திருப்பவனிடம் பேசுவது போல மெதுவாக, மெத்தென்று பேசுகிறாய். நானும் அப்படித்தான் இருந்தேன், தப்பு என்று தெரிந்துகொண்டேன். உன் சைக்கிளை உன்னைக் கேட்காமல் விற்று அவன் கிரிக்கெட் மட்டை வாங்கினானே, கல்யாணமாகிப் போன பிறகும் எந்தப் போனிலும் நீ அதைக் கேட்காமல் வைத்ததில்லை, என் சைக்கிள் எங்கேடா என்றுதான் ஆரம்பிப்பாய். தீபாவளிக்குப் பிறகு ஒரு முறைகூட நீ கேட்கவில்லை. அவன் வேல்விழியிடம் சொன்னானாம், செலின்கூட சைக்கிளப் பத்திக் கேக்க மாட்டேங்கறா, நான் அவ்வளவுக்கா போயிட்டேன் என்று.

அனிட்டாவின் கையெழுத்து சாய்ந்து விழுகிறது, தினமும் ஒரு பக்கம் எழுத வை. பிரிட்ஜில் வைத்த சோற்றைச் சுட வைத்துச் சுட வைத்துச் சாப்பிடாதீர்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மூவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன், மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருப்பாளாக. இது கைக்கு வந்த அடுத்த ஞாயிறு நீ போன் செய்யும்போது நான் எடுக்க மாட்டேன், கால் வலி என்று உட்கார்ந்துவிடுவேன், உன் அண்ணன்தான் எடுப்பான். சௌக்கியமா என்று கேட்காதே. நேராக சைக்கிளைக் கேள். சத்தமாகக் கேள், எனக்கும் கேட்க வேண்டும்.

உன் அம்மா,
ரெஜினா அந்தோணிமுத்து