பார்க்க மட்டும்

ஜூன் 3, செவ்வாய்
பழைய சர்வரை மாத இறுதியில் அணைக்கிறார்கள். அதோடு ஸ்கிரீன் என்ற நிரலும் போகிறது; இனி ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் டீமக்ஸ் என்ற நிரல். இரண்டும் செய்வது ஒன்றுதான். நாம் எழுந்து போனாலும் வேலையை ஓடவிட்டு, திரும்பி வரும்போது விட்ட இடத்தைக் காட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அழுத்தும் விசைதான் வேறு. அங்கே கண்ட்ரோல்-A, இங்கே கண்ட்ரோல்-B. ஓர் எழுத்து. இதற்கா இவ்வளவு எரிச்சல்?

ஜூன் 5
என் கணினியில் மட்டும் B-யை A ஆக்கிவிட்டேன். எதிர் மேசை லியோனி எட்டிப் பார்த்தாள்.
"புது வீட்டுக்குப் பழைய பூட்டா? பொது சர்வர்ல B தான் இருக்கும் தாயே. அங்க என்ன பண்ணுவ?"
"அங்க B அழுத்துவேன்."
"உன் கை கேக்குமா?"
கேட்கும் என்றேன்.

ஜூன் 6
A-க்குப் பதில் ஸ்பேஸ் விசைக்கு மாற்றிப் பார்த்தேன். மாலையில் மீண்டும் A.

ஜூன் 11
கை கேட்கவில்லை.
பொது சர்வரில் லியோனியும் நானும் எப்போதும் ஒரே அமர்வுக்குள் இருப்போம். அவள் தட்டுவது என் திரையில், நான் தட்டுவது அவள் திரையில். கடல்மட்ட அளவுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், பைதான் நிரலைத் திறந்தபடியே விட்டுச் சாப்பாடு வாங்கப் போனாள். இரண்டு நாள் உழைப்பு, எதுவும் கோப்பில் சேமிக்கப்படவில்லை. ஓர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு நான் விலக நினைத்தேன். கண்ட்ரோலை விடாமலே A, D. ஸ்கிரீனில் அதற்கு, ‘நான் போகிறேன், வேலை ஓடட்டும்’ என்று பொருள். இங்கே A வரித் தொடக்கத்துக்குப் போனது. D பைதானையே மூடியது.
எல்லாம் போச்சு. ஏன்டி, ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.
லியோனி கத்தவில்லை. வாங்கி வந்த ஸ்காலப் சிப்பி பேஸ்ட்ரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நானும் சேமிச்சிருக்கணும்," என்றாள். அப்புறம், "ஆனா இனி என் அமர்வுல நீ பாக்க மட்டும், மெரின்."

ஜூன் 12
உண்மையாகவே அப்படி ஓர் ஏற்பாடு டீமக்ஸில் உண்டு. செய்துவிட்டாள். நான் என்ன தட்டினாலும் விழாது. வெளியேறும் விசை மட்டும் வேலை செய்யும்.
ஓர் ஆண்டைத் தப்பாகத் தட்டினாள். எழுந்து போய்ச் சொன்னேன். "ம்," என்றாள்.

ஜூன் 13
மலைக்காற்று ஜன்னலை அறைகிறது. உட்கார முடியவில்லை.
"பேசாம எல்லாருக்கும் A-ன்னு வச்சிடவா? ஒரு வரிதான்," என்றார் மேலாளர் டர்க். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். என் விரலுக்காக ஊரே மாற வேண்டுமா?
கிளம்பும்முன் என் கணினியில் B-யை A ஆக்கிய அந்த வரியையும் அழித்தேன்.

ஜூன் 17
B எவ்வளவு தூரம்! வீட்டில் சூப் கொதிக்கும்போது சமையல் மேடை விளிம்பில் தட்டிப் பழகுகிறேன். யாரோ வந்திருப்பதாக நினைத்து நாய் வாசலுக்கு ஓடுகிறது.

ஜூன் 19
"என்ன, அந்தப் பக்கம் சத்தமே காணோம்?" என்றாள் லியோனி.
"B பழகுறேன்."
"அதுக்கு ஏன் பல்லு புடுங்கப் போறவ மாதிரி மூஞ்சி?"
அன்றைக்கு அப்புறம் இதுதான் முதல் கேலி. சிரிக்கத் தெரியாமல் குனிந்துகொண்டேன்.

ஜூன் 26
லியோனி எண்களை உள்ளிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் கமாவை விட்டுவிட்டாள். விழாது என்று தெரிந்தும் தட்டினேன்.
விழுந்தது.
எனக்கு மீண்டும் எப்போது திறந்துவிட்டாள்? நிமிர்ந்து பார்த்தேன், அவள் நிமிரவில்லை. என் கமாவுக்குப் பின்னால் அடுத்த எண்ணைத் தட்டினாள். நான் அடுத்த கமாவைப் போட்டேன்.