வீட்டு ஆளுக்கு எதுக்கு அட்டை?

மார்ச் 3, செவ்வாய்

பன் மாவு இன்று சரியாகப் பொங்கவில்லை. ஈஸ்ட் பழசு. யாரைத் திட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். கூடுதல் நேர வேலைக்குச் சம்பளம் தரவில்லை என்று என் பேக்கரி மேல் புகார். கொடுத்தது யார்? என் மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கடையில் அடுப்பு வேலை மொத்தமும் அவன் கையில்தான்.

நான் படித்து முடிக்கும்வரை அவன் அடுப்பருகில்தான் நின்றான். தட்டை இழுத்துக்கொண்டே, "ஆமா மாமா, நான்தான் குடுத்தேன்" என்றான்.

மார்ச் 4

தூக்கம் இல்லை. அவன் வழக்கம்போல வந்து கடையைத் திறந்தான். இது என்ன மாதிரி சண்டை?

மார்ச் 7, சனி

இவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சில்லறை கொடுப்பதோடு சரி. "உன் தம்பி செஞ்சது நியாயமா?" என்று கேட்டேன். "அவன்கிட்டயே கேளுங்க" என்றாள்.

நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்? கடைச் சாவியை எல்லார் முன்னாலும் அவன் கையில் கொடுத்து, "இனிமே இது உன் கடைடா" என்றேனே! அன்று அவனுக்குக் கண் கலங்கியது. மற்ற ஆட்கள் வாசல் மெஷினில் அட்டையைச் செருகிவிட்டு உள்ளே வருவார்கள். டக்கென்று நேரம் பதியும். போகும்போதும் ஒரு டக். அவனுக்கு மட்டும் அட்டை கிடையாது. விடிவதற்கு முன்னால் வந்து அடுப்பைப் பற்றவைப்பான். எல்லாரும் போன பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டுவான். சாவி வைத்திருப்பவன் அப்படித்தானே?

போன வருஷம், "எனக்கும் ஒரு அட்டை போடுங்க மாமா" என்று கேட்டான். "வீட்டு ஆளுக்கு எதுக்குடா அட்டை?" என்று சிரித்தேன். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "அட்டை இல்லேன்னா அவர் சொல்ற நேரம்தான் கணக்கு. நீங்க என்னத்தக் காட்டி மறுப்பீங்க? சொந்தக்காரங்களை வேலைக்கு வச்சா முதல்ல அவங்களுக்குத்தான் அட்டை போடணும் சார்."

இதை இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்? ஏற்கனவே பாங்க் கடன் கழுத்தை நெரிக்கிறது. இவன் சம்பளப் பாக்கியையும் முழுசாகக் கட்டு என்றால் கடை வேன் போகும். அடுத்து கடையும் போகும்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அவன் தொழிலாளியே இல்லை, கூடமாட ஒத்தாசைக்கு வந்த குடும்பத்து ஆள் என்று சொல்லிவிடலாமாம். "உங்க வீட்டம்மா சாட்சி சொன்னா கேஸ் நிக்காது."

அவள் வாயால். அவள் தம்பிக்கு எதிராக. நான் எப்படிக் கேட்பேன்?

மார்ச் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காலில் விழாத குறை. "கடை போனா நடுத்தெருவுலதான் நிக்கணும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு." துணி மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "வரேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஏன் அழுகிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

விசாரணை அறையில் நீளமான மேஜை. அந்தப் பக்கம் மச்சினன், இந்தப் பக்கம் நாங்கள். அதிகாரியம்மா இவளைத்தான் முதலில் கேட்டார், "உங்க தம்பி கடையில என்ன பண்றார்?"

"ஒத்தாசைக்கு வர்றான்" என்றாள். அவன் தலை இன்னும் தாழ்ந்துபோனது. வக்கீல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இவள் நிறுத்தவில்லை. "நானும் அப்படித்தான் வர்றேன் மேடம். கல்லா நான்தான். கல்யாணமான நாள்லேருந்து."

பழி வாங்குகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அறையில் ஒளிய இடமே இல்லை. ஐயோ, என்ன மனுஷன்டா நான்!

"அவன் என் கடைத் தொழிலாளிதான் மேடம்" என்றேன். மேஜைக்கு அடியில் வக்கீல் என் தொடையைக் கிள்ளினார். சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 30

வேனை விற்று அவன் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டியாயிற்று. மிச்சத்தை நான் தவணையில் கட்ட அவன் ஒப்புக்கொண்டான். கடன்காரர்களைப் பார்த்தால் சந்துக்குள் நுழைகிறேன். கடை நிற்குமா என்று தெரியவில்லை. அவன் கடைச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டான்.

ஏப்ரல் 6, திங்கள்

அவனுக்கு அட்டை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் இவள் எதிரே வந்து நின்றாள். "எனக்கும் ஒண்ணு." எழுதினேன்.

சாயங்காலம் நேரம் ஆனதும் டக், டக். அக்காவும் தம்பியும் வாசலில் இறங்கி நின்றார்கள். ஷட்டரை நானே இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. இவ்வளவு கனமா இது? தொங்கிக்கூடப் பார்த்தேன், அசையவில்லை. மச்சினன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"உள்ள போய் அட்டையப் போட்டுட்டு வந்து பிடிடா" என்றேன்.

அவன் முறைத்தான். இவள்தான் முதலில் சிரித்தாள். நோட்டீஸ் வந்த பிறகு இன்றுதான் சிரிக்கிறாள்.