குருவியின் கையில் இருந்த கிருமி

ஜூன் 3
குறைமாதக் குழந்தைகள் வார்டில் இன்று இரண்டாவது சாவு. ரத்தத்தில் அதே கிருமி. நான் தலைமை நர்ஸ் ஆனதிலிருந்து இப்படி நடந்ததில்லை. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நேத்து நல்லாத்தானே இருந்தான்?” என்று கேட்டாள்.

ஜூன் 6
எங்கள் எல்லோர் கைகளையும் பஞ்சுக்குச்சியால் தடவிச் சோதித்தார்கள். குருவியிடம் மட்டும் அந்தக் கிருமி. வார்டிலேயே இளைய நர்ஸ். ஒல்லி உடம்பு, ஓயாத பேச்சு, அதனால் அந்தப் பெயர். வீட்டில் கைக்குழந்தை வேறு. “வீட்டுக்குப் போ, கூப்பிடுறேன்” என்றேன். “நான் நல்லாத் தேய்ச்சுத்தான்கா கழுவுவேன்...” என்று இழுத்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 7
பழியை அவள் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தோம். நானும்தான்.

ஜூன் 10
இன்னொரு குழந்தைக்கும் அதே காய்ச்சல். குருவி இங்கே காலே வைக்கவில்லையே!

கிருமி ஆய்வு டாக்டர் சொன்னார்: “பேரு ஒண்ணா இருந்தா ஒரே கிருமின்னு அர்த்தமில்ல. முழு மரபணுவையும் படிச்சாத்தான் எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும்.” கதவுப்பிடி, குழாய், தொட்டி என்று ஒன்று விடாமல் மாதிரி எடுத்துப் போனார்.

ஜூன் 15
தெரிந்துவிட்டது. மூன்று குழந்தைகளின் ரத்தத்தில் இருந்ததும், நாங்கள் கை கழுவும் தொட்டியின் வடிகுழாயில் இருந்ததும் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்று. குருவியிடம் இருந்தது வேறு வம்சம். இந்தச் சாவுகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“அந்தத் தொட்டியில வேற என்ன ஊத்துவீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

மிச்சப் பால். மிச்ச குளுக்கோஸ். எத்தனை வருஷமா ஊத்தறோம்! அந்தக் கிருமியை நாங்களேதான் ஊட்டி வளர்த்திருக்கோம். குழாயைத் திறந்தா வடிகுழாயிலேர்ந்து கையில தெறிக்குது, அந்தக் கையோட குழந்தைகிட்ட— ஐயோ, இன்னும் கழுவு, இன்னும் கழுவுன்னு எல்லாரையும் விரட்டுனது நான்தானே.

ஜூன் 16
தொட்டியைப் பெயர்த்து எடுத்தார்கள். மூன்றாவது குழந்தையும் போய்விட்டது.

ஜூன் 18
குருவி வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் எட்டச் சுவரோரம் நின்றாள்.

“உன் மேல தப்பே இல்லம்மா” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“பிள்ளையத் தொடவே பயந்துட்டேன்கா. பால் வத்திப்போச்சு.”

“இப்பதான் தெரிஞ்சிருச்சே. தூக்கு.”

குழந்தையை வாங்கி அவளிடம் நீட்டினேன்.

“கை கழுவிட்டு வந்துடறேன்கா.”

உள்ளே போனாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது.