முன்கூட்டியே போட்ட டிக்

நாள் 212, 11:10
செவ்வாயின் நிலாவான ஃபோபோஸில் சுரங்க நிலையம். எழுதுபவர் மருத்துவர் கோமதி. நிலையத்தில் இப்போது இரண்டே பேர்: நானும் துளைப்பொறியாளர் ரெக்சன் பர்னாந்தும். மாற்று ஆட்கள் எட்டுப் பேருடன் கப்பல் இன்னும் ஒன்பது நாளில் வரும். நேற்று துளைப்பொறியின் கை அடித்து ரெக்சனின் இடது கால் எலும்பு முறிந்தது. இன்று தகடு வைத்துப் பொருத்தினேன். கத்தி வைப்பதற்கு முன் தர வேண்டிய தடுப்பு ஆன்டிபயாடிக்: செஃபசோலின் இரண்டு கிராம், 07:20. பதிவு முழுமை.

நாள் 215, 08:00
காய்ச்சல் 38.4 செல்சியஸ். தையலைச் சுற்றிச் சிவப்பு. தூத்துக்குடிக்காரனுக்கு வலியிலும் நக்கல் குறையாது. "காலு கொதிக்குக்கா. அரிசி வச்சா வெந்துரும்" என்றான்.

நாள் 215, 11:30
அறுவை அங்கியைத் துவைக்க எடுத்தேன். பையில் இரண்டு செஃபசோலின் குப்பிகள். மூடி திறக்காதவை.

நான் பயின்ற ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. கை கழுவிய பிறகு பேனாவைத் தொட முடியாதே என்று, ஆபரேஷனுக்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவோம். மருந்து ஏறுவதற்கு முன் டிக் ஏறிவிடும். அன்றும் அப்படித்தான் டிக் போட்டேன், நேரம் எழுதினேன். அப்போது காற்றழுத்த அலாரம் அடித்தது. கையிலிருந்த குப்பிகளை அங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன். திரையில் டிக் இருந்தது. ஊசி போட்டாகிவிட்டது என்று நம்பிக் கத்தியை எடுத்தேன். எழுதியவளே ஏமாந்துபோனேன்.

நாள் 215, 12:05
இரண்டு குப்பியையும் இப்போது ஏற்றினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன். இதைப் பதிவில் ஏற்றவில்லை. காலிக் குப்பிகளை எரிப்பானில் போட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஊசி போட்டீங்கல்லாக்கா?" என்று கேட்டான். போட்டேன் என்றேன்.

பதிவைத் திருத்த நாளை காலை வரை அனுமதி உண்டு. திருத்தினால் என் உரிமம் போகும். காய்ச்சல் இறங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நாள் 217, 10:00
39.6. சீழ். திறந்து கழுவினேன். செஃபசோலின் தொடர்ந்து கொடுக்கலாம் என்றால், பதிவைப் பார்த்துத் தானே மருந்து தரும் பெட்டி தர மறுக்கிறது. திரையில் வந்த காரணம்: "தடுப்பு மருந்து உரிய நேரத்தில் தரப்பட்டும் தொற்று. கிருமி இம்மருந்துக்கு அடங்காது." என் பதிவை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறது. உள்ளே நாற்பது குப்பி. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. வேறொரு மருந்தைத் தந்திருக்கிறது. இரண்டு நாளுக்குத்தான் வரும்.

நாள் 218, 09:40
பூமியிலுள்ள தரை நிலையத்தின் செய்தி: "மருந்துப் பெட்டியின் அறிக்கைப்படி, மருந்துக்கு அடங்காத கிருமி என ஐயம். கப்பலில் எட்டு உயிர்கள். நிலையத்துடன் இணையாது. திரும்புகிறது."

நாள் 218, 09:55
தரை நிலையத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிக், அலாரம், குப்பி, பொய். உரிமம் போனால் போகட்டும்.

நாள் 218, 10:50
பதில்: "டாக்டர், மூணு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா நம்பியிருப்போம். இப்ப கப்பல வரவழைக்கச் சொல்ற மாதிரிதான் இருக்கு. அந்தக் குப்பிங்க இருந்தா காட்டுங்க."

குப்பி இல்லை. நான்தான் எரித்தேன்.

நாள் 219, 16:20
ரெக்சனிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாக்கா. ஊசி போடலன்னு நானும் சேந்து சொல்லிருப்பேன்லா."

காய்ச்சல் 40.1. மருந்து தீர்ந்தது. வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

நாள் 221, 07:30
கப்பல் வந்திருக்க வேண்டிய நாள். இதைக் கண்டெடுப்பவரே, பெட்டிக்குள் நாற்பது குப்பி இருக்கும். அவனைத் தின்னும் கிருமி அதற்கு அடங்கியிருக்கக்கூடும். ஒரே ஒரு வேளைக்கு மேல் கொடுத்துப் பார்க்கவே இல்லை. பதிவில் உள்ளதை நம்ப வேண்டாம்.

நாள் 221, 13:00
தரை நிலையத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. வேலை மிச்சமாகட்டும் என்று யாரோ நிரப்பியே அனுப்பியிருக்கிறார்கள்.

தடுப்பு மருந்து: தரப்பட்டது. டிக்.
கிருமி: மருந்துக்கு அடங்காதது. டிக்.
நோயாளி: இறந்தார். டிக்.

நேரத்தை மட்டும் நான் எழுத வேண்டுமாம்.

ரெக்சன் தண்ணீர் கேட்கிறான்.